கழுவிய மணலும் கறைபடாத கையெழுத்தும்

பொருள் ஆய்வகத்தின் எக்ஸ் கதிர் ஒளிர்வுப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் பிரிவுத் தலைவர் அம்மையார் அவர்களுக்கு உடன் பணியாற்றியோர் அனைவரும் மகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல்

கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கொண்டு கல்லையும் மண்ணையும் கனிமத்தையும் கேள்வி கேட்டவரே! துகளுக்குள் துயிலும் தனிமங்களைத் தட்டியெழுப்பி, தத்தம் பெயரைத் தாமே சொல்ல வைத்தவரே! முகடு முகடாய் எழும் வரைபடத்தை முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலப் படித்தவரே! எங்கள் பிரிவின் பெருமையே! வருக, அமர்க, சற்றே பொறுத்தருள்க! புகழ்ந்தால் தங்களுக்குப் பிடிக்காது என்பதை நன்கறிந்தே, அரங்கின் இரண்டு கதவுகளையும் சாத்தி, தப்பிக்க வழியில்லாமல் செய்துவிட்டு இம்மடலைத் தொடங்குகிறோம்.

இதை எழுதும் பொறுப்பு அரவை அறைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இயக்குநர் அலுவலகம் நேரமில்லை என்றது. கணினிப் பிரிவு எழுத வராது என்று நழுவியது. கடைசியில், "நீங்கதான் வாய் ஓயாம கதை சொல்வீங்களே" என்று அரவைக்காரர் தலையில் கட்டினார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக ஊரில் உள்ள கல்லையெல்லாம் மாவாக்கிக்கொண்டிருக்கும் அவருக்கு அலுவலக மேலாளர் இரண்டே இரண்டு நிபந்தனைகள் விதித்தார். மடல் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, கண்ணாடிச் சட்டம் போடுபவர் திட்டுவார். மடல் எல்லோருக்கும் பொது, அரவைக்காரர் தம் சொந்தக் கதையை நடுவில் நுழைக்கக் கூடாது. முதல் நிபந்தனை இப்போதே காற்றில் பறந்துவிட்டது. இரண்டு சட்டங்கள் போடச் சொல்லிவிட்டோம். இரண்டாவதை எவ்வளவு தூரம் காப்பாற்ற முடிகிறது என்று பார்ப்போம்.

மாப்பிள்ளையைச் சமாளித்த மாதரசியே!

எங்கள் கருவிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் சூட்டியவர் தாங்கள்தான். தனி அறை, இரவும் பகலும் குளிரூட்டி, குழாயில் குளிர்ந்த நீர், தனி மின் இணைப்பு என்று இத்தனை உபசாரம் செய்தும், யாராவது கதவைச் சற்று ஓங்கிச் சாத்திவிட்டால் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். பழுது பார்க்க வரும் பொறியாளரே பயந்து பயந்துதான் மூடியைத் திறப்பார். தாங்கள் மட்டும் அதன் விலாவில் கை வைத்து, "என்னப்பா, இன்னைக்கு என்ன கோவம்?" என்று கேட்பீர்கள். பிறகு வெற்றிடப் பம்பின் ரப்பர் வளையத்தை மாற்றுவீர்கள். மாப்பிள்ளை மலை இறங்கியது அன்பான விசாரிப்பாலா, அந்த வளையத்தாலா என்பது இன்றுவரை எங்கள் பிரிவில் தீராத வழக்கு.

வந்திருக்கும் குடும்பத்தாருக்காகத் தங்கள் தொழிலைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மாதிரியை மாவாக அரைத்து, கொஞ்சம் மெழுகுப் பொடி கலந்து, இருபது டன் பாரம் கொடுத்து அழுத்தினால் ஒரு வில்லை கிடைக்கும். அதைக் கருவிக்குள் வைத்தால் எக்ஸ் கதிர் அதன் மேல் விழும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி வீசும். இரும்பு இரும்பின் கதிரை வீசும், ஈயம் ஈயத்தின் கதிரை வீசும். வருகிற கதிரைப் படித்து, எது எவ்வளவு இருக்கிறது என்று மாப்பிள்ளை சொல்லிவிடுவார். வில்லையின் முகத்தில் விரல் பட்டால் போச்சு. விரல் வியர்வையின் உப்பும் அறிக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகவேதான் தங்களுக்கு எதையும் ஓரத்தில் பிடித்தே பழக்கம். "எங்க கல்யாண ஆல்பத்தைக்கூட இவ ஓரத்தைப் பிடிச்சுத்தான் புரட்டுவா" என்று தங்கள் கணவர் சற்று முன் வாசலில் சொல்லிச் சிரித்தார்.

கைக்கு அடக்கமான சிறிய கதிர்க்கருவி ஒன்று வந்து சேர்ந்த ஆண்டில் தாங்கள் செய்த அட்டூழியத்தையும் இங்கே பதிவு செய்யக் கடமைப்பட்டுள்ளோம். பண்டக சாலைப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றபோது நாங்கள் ஆசை ஆசையாய் அளித்த வெள்ளிக் கேடயத்தின் மேல் அதை வைத்து, மேடையிலேயே, "பித்தளை மேல நிக்கல் பூச்சு, வெள்ளி துளிகூட இல்ல" என்று அறிவித்தீர்கள். பாவம், அவர் முகம் போன போக்கு! அந்த அனுபவத்தால் இன்று தங்களுக்குத் தரப்போகும் கேடயத்தை முன்கூட்டியே ஆய்வு செய்து, 'பித்தளை, நிக்கல் பூச்சு, பாசம் கருவியின் வரம்புக்கு அப்பாற்பட்டது' என்ற அறிக்கையையும் இணைத்தே தருகிறோம். தயவுசெய்து மறு ஆய்வு வேண்டாம்.

மணலின் மானம் காத்த மாமணியே!

தங்கள் முப்பத்து நான்கு ஆண்டுகளையும் இங்கே வரிசையாக அடுக்கப் போவதில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஐந்து வாரங்களை மட்டும் சொன்னால் போதும். அந்த ஐந்து வாரங்களை அறிந்தவர்களுக்குத் தங்களைப் பற்றி வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

நகரின் குடிநீர் வடிகட்டிகளுக்கு மணலைக் கழுவிச் சலித்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று. நாற்பத்திரண்டு பேர் அங்கே வேலை. அதிகாரிகள் எடுத்து வந்த அந்தப் பட்டறை மணலில், பத்து லட்சம் பங்குக்கு முந்நூற்றுப் பத்துப் பங்கு குரோமியம் இருப்பதாக நம் ஆய்வகம் அறிக்கை தந்தது. அது அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு. அறிக்கையின் அடியில் இருந்தது தங்கள் கையெழுத்து. மறுநாளே பட்டறைக் கதவுக்குச் சீல் வைத்தார்கள்.

அங்கே மேஸ்திரியாக இருந்த அம்மையார் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவில் மணலை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "மேடம், எங்க மணல்ல அப்படி ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுப் பிள்ளைங்களும் இந்தத் தண்ணியத்தான் குடிக்குது. இன்னொரு வாட்டி பாருங்க" என்றார். பார்த்தோம். மறுபடியும் குரோமியம், முந்நூற்று இருபத்தைந்து. உடனே எங்கள் எல்லோருடைய மூளையும் பளிச்சென்று வேலை செய்தது. எவர்சில்வரில் குரோமியம் உண்டல்லவா? டப்பாதான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, பிளாஸ்டிக் பையில் கொண்டு வரச் சொல்லி அனுப்பினோம். எந்த மேசையருகே நின்றுகொண்டு அந்த டப்பாவைச் சந்தேகித்தோம் என்பதை நினைத்தால் இன்றும் எங்களுக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

மூன்றாம் முறை பிளாஸ்டிக் பையில் வந்தது. எண் குறையும் என்று எதிர்பார்த்தோம். ஐந்நூற்றுத் தொண்ணூறு வந்தது! மேஸ்திரியம்மாவிடம் அப்போது தாங்கள், நம் பிரிவில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் அந்த ஒரு வாசகத்தைச் சொன்னீர்கள். "கருவி பொய் சொல்லாதும்மா." அவர் பையின் வாயை முடிந்துகொண்டு போய்விட்டார். சீல் வைத்த கதவுக்கு வெளியே நாற்பத்திரண்டு பேர் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து அரவைக்காரர் தங்கள் அறை வாசலில் வந்து நின்றார். "மேடம், ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்த அம்மா மூஞ்சியப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. நல்லா நைசா அரைச்சா சரியா வரும்னு நாலு நிமிஷத்துக்குப் பதிலா எட்டு நிமிஷம் அரைச்சேன். ஏட்டுல எழுதல" என்றார். ஏட்டில் எழுதாமல் முறையை மாற்றுவது நம் ஆய்வகத்தில் எழுத்து மூலமான கண்டனத்துக்குரிய குற்றம். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகவே அவர் வந்திருந்தார். தாங்களோ நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். "இன்னொரு தடவை சொல்லுங்க. எத்தனை நிமிஷம்?" என்றீர்கள்.

நாலு நிமிடத்துக்கு முந்நூறு. எட்டு நிமிடத்துக்கு அறுநூறு. "நாம எவ்வளவுக்கு எவ்வளவு அக்கறையா அரைக்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு மணல் அழுக்காகுதே!" என்று தாங்கள் கூவியது வரவேற்பறை வரை கேட்டது.

அன்று மாலைக்குள் தாங்கள் செய்தவற்றை எங்களில் பலர் ஓட ஓடப் பார்த்தோம். மணலை அரைக்காமல், பரல் பரலாக அப்படியே கிண்ணியில் போட்டுக் கருவிக்குள் வைத்தீர்கள். வரைபடத்தில் குரோமியத்தின் முகடு இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்டது போல இருந்தது. மூலையில் கிடந்த, அகேட் என்ற கடினக் கல்லில் செய்த சிறிய உரலை எடுத்து, தாங்களும் அரவைக்காரரும் மாற்றி மாற்றிக் கையாலேயே அரைத்தீர்கள். அதிலும் குரோமியம் இல்லை. கடைசியாக, நாம் எட்டு மாதமாக அரைத்துக்கொண்டிருந்த புதிய எஃகுக் கிண்ணத்தின் மேலேயே கைக்கருவியை வைத்தீர்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குரோமியம். பழைய அகேட் கிண்ணம் விரிசல் விட்ட பிறகு வந்த கிண்ணம் அது. பளபளவென்று இருந்ததைப் பார்த்து எல்லோரும் மயங்கினோம். மணல் எஃகைவிடக் கடினமானது என்பது நமக்குத் தெரியாததா? அந்தக் கடின மணல் கிண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டித் தனக்குள் சேர்த்துக்கொண்டிருந்தது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கருவியில் வைத்துப் பார்க்கும் நாம், அந்தக் கிண்ணத்தை மட்டும் வைத்துப் பார்க்கவே இல்லை. ஊரார் டப்பாவை மட்டும் சந்தேகித்தோம். கிண்ணம் வந்தபோது 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கொடுத்ததும் தங்கள் கையெழுத்துதான்.

"மாப்பிள்ளை பொய் சொல்லல. என்ன இருக்குன்னு கேட்டோம், சொல்லிட்டாரு. எங்கிருந்து வந்துச்சுன்னு நாமதான் கேட்டிருக்கணும்" என்றீர்கள். அன்றோடு அந்தப் பெருமை வாசகம் நம் பிரிவில் ஒழிந்தது.

அப்போதைய இயக்குநர் கெட்டவர் அல்லர்; பயந்தவர். பதினோரு நாளில் அங்கீகாரக் குழு வரவிருந்தது. பிரிவுத் தலைவர் பதவிக்குத் தங்கள் பெயர் மேலே போயிருந்தது. அந்த எஃகுக் கிண்ணத்தில் அரைத்து வெளியான அறிக்கைகள் மொத்தம் நூற்று எண்பத்தாறு. "அந்த மணல் அறிக்கையை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க. நூத்தி எண்பத்தாறையும் கிளறினா நம்ம கடையையே இழுத்து மூடிடுவாங்க. உங்க பதவியும் போயிடும்" என்றார். தாங்கள் சொன்ன பதிலை, கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற நாங்கள் எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறோம். "சார், அவங்க கடைய ஒரே கையெழுத்துல நாம மூடினோம். நம்ம கடைக்குன்னா மட்டும் கை நடுங்கணுமா?"

நூற்று எண்பத்தாறு கடிதங்கள்! ஒவ்வொன்றிலும், 'எங்கள் கிண்ணத்தில் பிழை, பொறுப்பு என்னுடையது, மறு ஆய்வு செய்து தருகிறோம்' என்ற வாசகம். ஒவ்வொன்றின் அடியிலும் தங்கள் கையெழுத்து. எஃகுக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, புதிய அகேட் கிண்ணத்தில் எல்லாவற்றையும் மறுபடி அரைத்ததில், ஐந்து வாரம் எங்கள் பிரிவில் யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. நூற்று எழுபத்தொன்று சரியாகவே இருந்தன. மென்மையான சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் கிண்ணத்தை அவ்வளவாகச் சுரண்டவில்லை. பதினைந்து அறிக்கைகள் மாறின. அதற்குள் வந்த அங்கீகாரக் குழுவின் முன் தாங்கள் வைத்த கோப்பின் முதல் பக்கத்திலேயே இந்தப் பிழை இருந்தது. படித்து முடித்த குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாங்க கண்டுபிடிக்க ஒண்ணையுமே மிச்சம் வைக்கலையேம்மா" என்றார். அங்கீகாரம் கிடைத்தது! எங்கள் அரவை அறையில் அன்று நாங்கள் போட்ட கூச்சலில் மாப்பிள்ளைகூட முறுக்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

ஆனால் பதவி வரவில்லை. தங்கள் பெயருக்கு நேரே 'அவசரக்காரர்' என்று ஒரு குறிப்பு ஏறிவிட்டது. வேறொருவர் தலைவராக வந்தார். நான்கு ஆண்டுகள் அவருக்குக் கீழே முகம் சுளிக்காமல் வேலை பார்த்துவிட்டுத்தான் அந்த நாற்காலிக்கு வந்தீர்கள். அதற்காக நாங்கள் பட்ட ஆத்திரத்தில் கால்வாசிகூடத் தாங்கள் படவில்லை. எங்களுக்கு அது இன்னும் ஆறவில்லை.

சொன்ன பிழையைச் சொந்தத் தோளில் சுமந்து சென்றவரே!

மணல் பட்டறைக்கான கடிதத்தைத் தாங்கள் தபாலில் அனுப்பவில்லை. நேரே போனீர்கள், அரவைக்காரரையும் அழைத்துக்கொண்டு. சீல் உடைத்த கதவுக்கு முன்னால், நாற்பத்திரண்டு பேர் நடுவில் நின்று, கடிதத்தை வாய்விட்டுப் படித்தீர்கள்.

"இத நீங்களே வந்து சொல்லணும்னு அவசியம் இல்லையே மேடம்" என்றார் மேஸ்திரியம்மா.

"கையெழுத்து நான்தானே போட்டேன்?" என்றீர்கள்.

அவர் கதவை அகலத் திறந்தார். பிறகு, "சரி, வாங்க. தண்ணி குடிங்க" என்றார். அந்த மணலில் வடிந்த தண்ணீர். தாங்கள் ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடுங்க" என்று நீட்டினீர்கள். கூட்டத்தில் யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள்.

அடுத்த வாரம் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு மணல் நம் வாசலுக்கு வந்தது. நாம் குற்றம் சாட்டிய அதே மணல். அன்று முதல் இன்று வரை நம் அரவை அறையில் காலையில் முதலில் அரைபடுவது அந்த மணல்தான். அதற்கு மேஸ்திரி வில்லை என்று பெயர். அதில் இருக்கக் கூடாத எதுவும் இல்லை என்று மாப்பிள்ளை சொன்ன பிறகே ஊரார் மாதிரியைத் தொடுகிறோம். முதலில் நம்மை அளந்துகொண்டு பிறகு மற்றவரை அளக்கும் இந்த வழக்கத்தைப் பார்த்துவிட்டுப் போன ஆய்வகங்கள் பலவும் தத்தம் ஊரில் இதையே செய்கின்றன. ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் 'பிழை கண்டால் பொறுப்பு' என்று ஒரு வரியும், அதற்கு நேரே ஒருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்ற விதியும் தாங்கள் போட்டதுதான்.

இன்று காலையும் மேஸ்திரி வில்லை செய்தோம். அரவைக்காரரே அரைத்தார், சரியாக நாலு நிமிடம், ஏட்டில் எழுதி. சிலிக்கனின் முகடு தனியே ஓங்கி நிற்கிறது. குரோமியத்துக்கு நேரே 'கண்டறியப்படவில்லை' என்று இருக்கிறது. அந்த வில்லையையும் அறிக்கையையும் இம்மடலின் இரண்டாம் சட்டத்துக்குள் வைத்திருக்கிறோம். ஓரத்தைப் பிடித்துத்தான் வைத்தோம்.

இனி அலுவலக மேலாளர் மன்னிக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையும் போகிறது.

அம்மா, அங்கீகாரக் குழுவின் முன் வைத்த அந்தக் கோப்பில் பிழைக்கு நேரே தாங்கள் தங்கள் பெயரை எழுதினீர்கள். கண்டுபிடிப்புக்கு நேரே, 'அரவை அறைப் பணியாளர் தாமாகவே முன்வந்து சொன்னதால் தெரிய வந்தது' என்று என்னை எழுதினீர்கள். அதற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது. என் வீட்டுக் கூடத்தில் அது மாட்டியிருக்கிறது. எட்டு நிமிடம் அரைத்தது எனக்கு அன்றே தெரியும். எண் இரட்டித்ததும் அன்றே தெரியும். கண்டனத்துக்குப் பயந்து இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் நாற்பத்திரண்டு பேர் வெயிலில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஏன் இரண்டு நாள் என்று தாங்கள் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றே பாரம் இறங்கியிருக்கும் என்று பலமுறை தங்கள் மேல் கோபப்பட்டதும் உண்டு.

நேற்று இந்த விழாவுக்கு அழைக்க மணல் பட்டறைக்குப் போனேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேஸ்திரியம்மாவிடம் முதலில் இதைச் சொன்னேன். "பத்தொம்பது வருஷமா இதையா சுமந்துக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்றார். பிறகு, "சரி, வாங்க. தண்ணி குடிங்க" என்றார். நானும் இரண்டு டம்ளர் குடித்தேன், அம்மா.

ஆகவே, எங்கள் அன்புக்கும் ஆற்றலுக்கும் உறைவிடமானவரே! முறுக்கிக்கொள்ளும் கருவியையும் முரண்டு பிடிக்கும் எங்களையும் ஒரே புன்னகையால் வழிக்குக் கொண்டுவந்தவரே! தங்கள் உடலில் இரும்பு குறையாமலும், எலும்பில் சுண்ணாம்பு குறையாமலும், சர்க்கரையும் உப்பும் அளவு மீறாமலும், தங்கள் கணவரோடும் மக்களோடும் நூறாண்டு நிறைந்து வாழ்க! கல்யாண ஆல்பத்தை இனியாவது நடுப்பக்கத்தில் கை வைத்துப் புரட்டிப் பார்க்க! நாளைக் காலை மேஸ்திரி வில்லை வழக்கம் போல முதலில் அரைபடும். தாங்கள் பக்கத்தில் இல்லை என்பதற்காக ஒரு நிமிடம்கூடக் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

வாழ்க! வெல்க!

என்றும் தங்கள் வழியில் நடக்கும்,
எக்ஸ் கதிர் ஒளிர்வுப் பிரிவினர்,
பண்டக சாலையார், கணினிப் பிரிவினர், அலுவலக மேலாளர், இயக்குநர்
மற்றும், ஆய்வகத்தைச் சேராவிட்டாலும் கையெழுத்திட உரிமை கேட்டுப் பெற்ற
மணல் பட்டறை மேஸ்திரி

பிழை கண்டால் பொறுப்பு: அரவைக்காரர் (கையெழுத்து)